நிலம் ஒரு மாநிலம், நீர் ஒரு மாநிலம்: எல்லை ஏரிகள் இரண்டின் புவியியல்

தேனி, பொள்ளாச்சிப் பக்கத்து நாளிதழ் வாசகர்களுக்கு ‘அணை நிலவரம்’ என்ற பெட்டிச் செய்தி நன்கு பழக்கமானது. பெரியாறு அணை இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி என்று தேனிப் பதிப்பு சொல்லும். பரம்பிக்குளம் 72 அடிக்கு இத்தனை அடி என்று பொள்ளாச்சிப் பக்கம் சொல்லும். கம்பம் பள்ளத்தாக்கில் நாற்றங்கால் விடலாமா, உடுமலைப் பக்கம் தங்கள் மண்டலத்துக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்ற கேள்விகளுக்கு உழவர்கள் அந்த எண்களில்தான் விடை தேடுகிறார்கள்.

அந்த எண்கள் குறிக்கும் இரண்டு நீர்ப்பரப்புகளும் தமிழ்நாட்டில் இல்லை. பெரியாறு ஏரி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பீர்மேடு வட்டத்தில் இருக்கிறது. பரம்பிக்குளம் ஏரி பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் முதலமடை ஊராட்சியில் இருக்கிறது. இரண்டும் மாநில எல்லையை ஒட்டியவை. இரண்டும் புலிகள் காப்பகங்களுக்குள் அடங்கியவை. இரண்டின் அணைகளையும் இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாட்டின் நீர்வளத் துறை.

இவற்றைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் வழக்கு, ஒப்பந்தம், நீர்மட்டம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு இந்த ஏரிகளைப் படித்தால் வேறொரு கேள்வி எழுகிறது. நீரை அடியிலும் டி.எம்.சி.யிலும் துல்லியமாக அளந்து பங்கிட்ட உடன்படிக்கைகள், அந்த நீர் நிற்கும் இடத்தையும் அதன் கரையில் வாழ்பவர்களையும் ஏன் அளக்கவில்லை? இனி எழுதப்படும் எந்த உடன்படிக்கையும் அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முகடும் எல்லையும்

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு உடைந்து, தெற்கே ஆனைமலையாகவும் நெல்லியாம்பதியாகவும் மீண்டும் எழுகிறது. இவ்விரு மலைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தாக்கு பரம்பிக்குளம். ஆனைமலையின் தென்கோடியில் 2,695 மீட்டர் உயரத்தில் ஆனைமுடி நிற்கிறது. அதற்கும் தெற்கே ஏலமலை நீண்டு செல்ல, அதன் முடிவில் பெரியாற்றின் மேற்படுகை விரிகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் இறக்கிவிடுகிறது. முகட்டைத் தாண்டிய காற்று வறண்டு இறங்குவதால் கம்பம், போடி, உடுமலை, பல்லடம் ஆகிய பகுதிகள் மழைமறைவில் கிடக்கின்றன. முகட்டுக்கு மேற்கே விழும் மழை பெரியாற்றிலும் சாலக்குடி ஆற்றிலும் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகும். கிழக்கே விழுவது வைகைக்கும் அமராவதிக்கும் போகும். மலையுச்சியில் சில நூறு மீட்டர் இடைவெளிதான் ஒரு மழையின் திசையைத் தீர்மானிக்கிறது.

திருவிதாங்கூர், கொச்சி அரசுகளுக்கும் மதராஸ் மாகாணத்துக்கும் இடையிலான எல்லை பெரும்பாலும் இந்த முகட்டையே ஒட்டிச் சென்றது. மலைக்கோடு அளப்பதற்கு எளிது, காப்பதற்கும் எளிது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோதும் இந்தப் பகுதியில் கோடு பெரிதாக நகரவில்லை. தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மாநில மறுசீரமைப்புக்கான பஸல் அலி ஆணையம் அதை ஏற்கவில்லை. அவ்விரு வட்டங்களும் கேரளத்தோடு நின்றன. 1972இல் உருவான இடுக்கி மாவட்டத்துக்குள் அவை அடங்கின.

ஆனால் முகட்டுக்கோடு முழுமையான கோடு அல்ல. வால்பாறைப் பீடபூமி தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்கே பிறக்கும் நீராறும் சோலையாறும் மேற்கே கேரளத்துக்குள் ஓடுகின்றன. ஆழியாறு ஆனைமலையிலிருந்து சமவெளிக்கு இறங்கி, மேற்கே திரும்பி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாரதப்புழையில் கலக்கிறது. மனிதர்களும் இந்தக் கோட்டுக்குக் கட்டுப்பட்டதில்லை. மதுரையிலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லும் வாய்மொழி மரபு மன்னான்களிடமும் முதுவர்களிடமும் உண்டு. குமுளிக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரா பௌர்ணமி அன்று இரு மாநில மக்களும் ஏறுகிறார்கள். மலையின் மேல் மனிதர் கிழக்கிலிருந்து மேற்கே போய்ப் பல தலைமுறைகளுக்குப் பிறகுதான், நீர் மேற்கிலிருந்து கிழக்கே திருப்பப்பட்டது.

155 அடிக் கோடு

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பழையது. 1789இல் இராமநாதபுரம் சேதுபதி அரசின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை அதை முயன்று பார்க்க நினைத்தார். பொருள்வசதி இடம் கொடுக்கவில்லை. 1808இல் கேப்டன் ஜேம்ஸ் கால்டுவெல் மலையைப் பார்த்துவிட்டு இது நடவாத காரியம் என்று அறிக்கை கொடுத்தார். 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் மதுரைச் சீமையைச் சுடுகாடாக்கிய பிறகு, மதராஸ் அரசால் அந்த எண்ணத்தைத் தள்ளிப்போட முடியவில்லை.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே குத்தகைப் பத்திரம் கையெழுத்தானது. காலம் 999 ஆண்டு. நிலம் 8,000 ஏக்கர். குத்தகை ஏக்கருக்கு 5 ரூபாயாக ஆண்டுக்கு 40,000 ரூபாய். இந்த எண்கள் பலருக்கும் தெரிந்தவை. புவியியல் நோக்கில் முக்கியமானது, அந்த 8,000 ஏக்கரைப் பத்திரம் அடையாளம் காட்டிய முறை. ஆற்றையோ ஓடையையோ நடுகல்லையோ அது எல்லையாகச் சொல்லவில்லை. அணை அமையும் இடத்தில் ஆற்றின் மிக ஆழமான படுகையிலிருந்து 155 அடி உயரத்தில் ஒரு சமவுயரக் கோட்டைக் கற்பனை செய்து, அந்தக் கோட்டுக்குள் அடங்கும் நிலமெல்லாம் குத்தகை என்றது. வேலைகளுக்காக இன்னும் 100 ஏக்கர் ஒதுக்கியது.

மலைநாட்டில் சமவுயரக் கோடு நேராக ஓடாது. ஒவ்வொரு ஓடையின் பள்ளத்துக்குள்ளும் நுழைந்து, ஒவ்வொரு குன்றின் மூக்கையும் சுற்றி வெளியே வரும். பெரியாறு ஏரியின் கரை இன்றும் அப்படித்தான் இருக்கிறது: நடுவே அகன்ற நீர்ப்பரப்பு என்று ஒன்று இல்லை, நீண்ட விரல்கள் எல்லாத் திசைகளிலும் காட்டுக்குள் நீள்கின்றன. அந்த விரல்களில் ஒன்றுதான் தேக்கடி.

இந்த வடிவத்தில்தான் திட்டத்தின் சூட்சுமமே அடங்கியிருக்கிறது. முல்லையாறும் பெரியாறும் கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, 1,200 அடி நீளத்துக்கு, சுண்ணாம்பும் சுர்க்கியும் (சுட்ட செங்கற்பொடி) சேர்ந்த கற்காரையால் அணை எழுப்பப்பட்டது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் மேற்பார்வையில் 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது. அக்டோபர் 10 அன்று மதராஸ் ஆளுநர் வென்லாக் பிரபு அதைத் திறந்துவைத்தார். அந்த அணை தமிழகத்துக்கு ஒரு சொட்டு நீரையும் நேரடியாக அனுப்புவதில்லை. ஆற்றை மறித்து நீரை உயர்த்துவதே அதன் வேலை. உயர்ந்த நீர் பின்னோக்கிப் பரவி, பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால், முகட்டின் தாழ்வான இடத்துக்கு அருகே உள்ள தேக்கடிப் பள்ளத்தில் ஏறுகிறது. அங்கிருந்து மலையைக் குடைந்த மைலுக்குச் சற்று மேலான சுரங்கம் அதைக் கிழக்குச் சரிவுக்குக் கொண்டுசெல்கிறது. அணை மேற்கே, மதகு வடகிழக்கே. இரண்டையும் இணைக்கும் கால்வாயாக ஏரியே பயன்படுகிறது.

சுரங்கத்தைக் கடந்த நீர் போர்பே அணையில் தேங்கி, ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப் மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. பிறகு முல்லைப் பெரியாறாகக் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை நனைத்து, வைகை அணையைச் சேர்கிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் அதன் பயனைப் பெறுகின்றன. வீட்டுக் கூடத்தில் பென்னிகுயிக் படத்தை மாட்டிவைத்துப் பொங்கலன்று வணங்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. அந்த நன்றி உண்மையானது. பஞ்சத்தை நினைவில் வைத்திருக்கும் ஊர்களின் நன்றி அது.

படிப்படியாக இறங்கும் நீர்

பெரியாறு ஒரே ஏரி, ஒரே சுரங்கம். பரம்பிக்குளம் அப்படி அல்ல. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் ஒரு ஏரிச் சங்கிலி. அதைப் புரிந்துகொள்ள உயரங்களைப் பார்த்தால் போதும்.

வால்பாறைப் பீடபூமியில் மேல் நீராறு, கீழ் நீராறு அணைகளின் நீர் சோலையாறு அணைக்கு வருகிறது. சோலையாறு அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் கடல்மட்டத்திலிருந்து 3,290 அடி. அங்கிருந்து மின்நிலையம் வழியாக இறங்கும் நீர் 1,825 அடி மட்டத்திலுள்ள பரம்பிக்குளத்தைச் சேர்கிறது. அடுத்த படி 1,770 அடியிலுள்ள தூணக்கடவு. வெட்டுக் கால்வாயால் அதோடு இணைந்தது பெருவாரிப்பள்ளம். தூணக்கடவிலிருந்து சுரங்கம் வழியாக ஆனைமலையைத் துளைத்து, சமவெளியின் விளிம்பிலுள்ள சர்க்கார்பதி மின்நிலையத்தில் நீர் வெளிப்படுகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 49 கிலோமீட்டர் நீளமுள்ள கான்டூர் கால்வாய் மலையடிவாரத்தை ஒட்டியே வளைந்து வளைந்து சென்று திருமூர்த்தி அணையில் முடிகிறது. வழியில் ஒரு கிளை ஆழியாறு அணைக்குப் பிரிகிறது. மேலிருந்து கீழ்வரை எங்கும் நீரை இறைத்து ஏற்ற வேண்டியதில்லை; முழுவதும் புவியீர்ப்பின் வேலை.

இந்தச் சங்கிலியின் வயிறு பரம்பிக்குளம். 1967இல் முடிந்த அந்த அணையின் கொள்ளளவு 17.82 டி.எம்.சி.; முல்லைப் பெரியாற்றின் முழுக் கொள்ளளவான 15.66 டி.எம்.சி.யைவிட அதிகம். தமிழகத்தில் அதை நம்பியிருக்கும் திருமூர்த்தி பாசனப் பரப்பு மட்டும் 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே சமயத்தில் நீர் போதாது என்பதால் நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்துத் திறக்கிறார்கள்.

இங்கே நீரின் பாதை எல்லையைப் பலமுறை கடக்கிறது. தமிழகத்தின் வால்பாறையில் பெய்த மழை கேரளத்தின் பரம்பிக்குளத்தில் தேங்கி, மீண்டும் தமிழகத்தின் சர்க்கார்பதிக்கு வருகிறது. அதில் ஒரு பகுதி ஆழியாற்றில் சேர்ந்து, மணக்கடவைத் தாண்டி, கேரளத்தின் சித்தூர் வயல்களுக்குப் போகிறது. 1970 மே 29 அன்று கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட உடன்படிக்கை இந்தக் கொடுக்கல் வாங்கலை வரையறுத்தது: மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி., கேரள சோலையாறு அணையில் 12.3 டி.எம்.சி. கேரளத்துக்குக் கிடைக்கவேண்டும். முல்லைப் பெரியாறு குத்தகையைத் திருத்தி, ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தி, மின் உற்பத்தியை ஏற்று, மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்குத் திருப்பித் தந்த துணை உடன்படிக்கைகளும் அதே 1970 மே 29 அன்றுதான் கையெழுத்தாயின. எல்லை ஏரிகள் இரண்டின் இன்றைய ஏற்பாடு ஒரே நாளில் உறுதியானது.

இன்னொரு தொடர்பும் உண்டு. பரம்பிக்குளத்தின் இயற்கையான வடிகால் சாலக்குடி ஆறு; அதிரப்பள்ளியில் அருவியாக விழுந்து, கடலுக்குச் சற்று முன்னால் எலந்திக்கரை அருகே பெரியாற்றில் கலக்கிறது. திருப்பிவிடப்படாமல் ஓடியிருந்தால் இவ்விரு ஏரிகளின் நீரும் கொடுங்கல்லூருக்குப் பக்கத்தில் ஒன்றாகியிருக்கும். இன்று ஒன்று இராமநாதபுரம் கண்மாயை நோக்கியும் மற்றது திருப்பூர், கோவை மாவட்டங்களின் மேட்டுநிலத்தை நோக்கியும் போகிறது.

ஓர் அடி என்பது என்ன?

நாளிதழில் வரும் அடிக்கணக்கு எல்லா அணைக்கும் ஒன்றல்ல. பரம்பிக்குளத்தின் 72 அடி, நீர் வெளியேறும் மட்டத்திலிருந்து மேலே எண்ணப்படுவது. அணையின் உண்மை உயரம் அதைவிட மிக அதிகம். கேரள நாளிதழ்கள் இடுக்கி அணையின் முழு மட்டத்தைக் கடல்மட்டத்திலிருந்து எண்ணி 2,403 அடி என்கின்றன. முல்லைப் பெரியாற்றின் 142 அடியோ ஆற்றுப் படுகையிலிருந்து எண்ணுவது. ஆகவே மூன்று எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியாது.

முல்லைப் பெரியாற்றில் மூன்று மட்டங்களை நினைவில் கொள்ளவேண்டும். முதலாவது 104 அடி: தேக்கடிச் சுரங்கத்தின் வாய் அந்த மட்டத்தில் இருப்பதால் அதற்குக் கீழே தமிழகத்துக்கு நீர் வராது. ஏறத்தாழ 5 டி.எம்.சி. எப்போதும் ஏரியிலேயே தங்கிவிடுகிறது. இரண்டாவது 136 அடி: 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்வியில் அணை உடைந்து பேரழிவு நேர்ந்த பிறகு, அச்சத்தின் பேரில் நீர்மட்டம் அதற்குக் குறைக்கப்பட்டது. மூன்றாவது 142 அடி: பலப்படுத்தும் பணிகளுக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் 2006இல் அனுமதித்து, 2014 மே 7 அன்று அரசமைப்பு அமர்வு உறுதிசெய்த மட்டம். வடிவமைப்பின்படி முழு மட்டம் 152 அடி.

அரசியல் மேடையில் இவை வெறும் எண்கள். கரையில் இவை நிலம். சரிவு மெல்லியதாக இருக்கும் இடங்களில் நீர்மட்டம் ஓர் அடி ஏறினாலும் கரைக்கோடு வெகுதூரம் உள்ளே நகரும். புல்வெளி நீருக்கடியில் போகும். இறங்கும்போது அதே இடத்தில் ஈரமான புல் முளைத்து, யானையும் காட்டெருதும் கரைக்கு வரும். 155 அடிக் கோட்டுக்கு உட்பட்டது எது, வெளியே உள்ளது எது என்பதே வழக்காகவும் மாறுகிறது. தேக்கடியில் ஆனவாச்சால் வாகன நிறுத்துமிடம் குத்தகை நிலத்துக்குள் வருகிறதா என்பதை அளந்து சொல்லும்படி 2023இல் உச்ச நீதிமன்றம் இந்திய நில அளவைத் துறைக்கு உத்தரவிட்டது. 1886இல் தாளில் வரைந்த கோட்டை 137 ஆண்டுகளுக்குப் பிறகு தரையில் தேடவேண்டி வந்தது.

நீர் பிடிபடாமல் போகும் நாளும் உண்டு. 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் ஒன்று, அதன் எடைக்கல் அறுந்து விழுந்ததால், தானாக மேலே தூக்கிக்கொண்டது. நொடிக்கு ஏறத்தாழ 20,000 கன அடி நீர் பெரிங்கல்குத்து அணை வழியாகச் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. பொள்ளாச்சி உழவர் தம் பாசன நீர் போவதைப் பார்த்துக் கலங்கினர். சாலக்குடி மக்கள் வெள்ளம் வருவதைப் பார்த்துக் கலங்கினர். ஒரே நீர், ஒரே நாளில், மலையின் இரு பக்கத்தாருக்கும் இருவேறு துயரமானது. அணையின் நலம் ஒரு மாநிலத்தின் தனி விவகாரம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 2021இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது: ஒரு மாநிலத்துக்குரிய அணை இன்னொரு மாநிலத்தில் இருந்தால், அதன் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பு தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்தைச் சேரும்.

காடு காத்த நீர்

பெரியாறு ஏரி உருவான நான்கே ஆண்டுகளில், 1899இல், அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்கத் திருவிதாங்கூர் அரசு பெரியாறு ஏரிக் காப்புக்காட்டை அறிவித்தது. பீர்மேட்டைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள் வேகமாகப் பரவிய காலம் அது. 1934இல் அதே காடு நெல்லிக்காம்பட்டி வேட்டைவிலங்குச் சரணாலயம் ஆனது. 1950இல் பெரியாறு சரணாலயமாக விரிந்தது. 1978இல் புலிகள் காப்பகம் ஆனது. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். ஏரி இல்லாதிருந்தால் அந்தக் காடு தோட்டமாகியிருக்க வாய்ப்பு மிகுதி. காடு இல்லாதிருந்தால் ஏரி மண்ணால் நிரம்பிப் போயிருக்கும்.

பரம்பிக்குளத்தில் கதை தலைகீழ். அங்கே முதலில் வந்தது மரவெட்டு. கொச்சி அரசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு வன டிராம் பாதை அமைத்து, தேக்கையும் ஈட்டியையும் வெளியேற்றியது. அது மூடப்பட்ட பிறகு அணைகள் வந்தன, 1973இல் சரணாலயம், 2010இல் புலிகள் காப்பகம். பழைய காட்டின் அளவை ஊகிக்கத் தூணக்கடவுக்கு அருகே கன்னிமாரா தேக்கு நிற்கிறது. அதன் சுற்றளவு ஆறரை மீட்டருக்கும் மேல்.

ஆற்றை ஏரியாக்கியதற்கு விலையும் உண்டு. பெரியாற்றின் மேலோடைகளுக்கே உரிய மீன்கள் சில உலகில் வேறெங்கும் இல்லை. 1941இல் சுந்தரராஜ் விவரித்த லெபிடோபிகாப்சிஸ் டைபஸ் அவற்றில் ஒன்று. அந்தப் பேரினத்தில் அது ஒன்றே ஒன்று. ஓடும் நீரில் வாழப் பழகிய அம்மீன்களுக்குத் தேங்கிய நீர் வீடாகாது. ஏரியிலோ வெளியிலிருந்து வந்த திலேப்பியாவும் கெண்டையும் பெருகின. மேலோடைகள் சிதையாமல் இருக்கும்வரைதான் பெரியாற்றின் சொந்த மீன்களுக்கு வாழ்வு.

இரு ஏரிகளுக்கும் தமிழகப் பக்கத்திலும் காப்பகங்கள் அமைந்தது நல்ல செய்தி. பரம்பிக்குளத்தை ஒட்டி ஆனைமலை புலிகள் காப்பகம் 2007இலும், பெரியாற்றை ஒட்டி ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021இலும் வந்தன. நாடு முழுதும் நடக்கும் புலிக் கணக்கெடுப்பில் இரு மாநில வனத்துறைகளும் ஒரே முறையைப் பின்பற்றி எண்ணுகின்றன. புலிக்கு முடிந்தது நீருக்கு முடியாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

கரையில் இருப்பவர்கள்

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏரன்பெல்ஸின் ‘கொச்சியின் காடர்’ என்ற மானிடவியல் நூல், அணைகள் வருவதற்கு முந்தைய காடர் வாழ்வைப் பதிவு செய்கிறது. பரம்பிக்குளம் பள்ளத்தாக்கில் இன்றும் காடர், மலசர், மலைமலசர், முதுவர் குடிகள் வாழ்கின்றன. அவர்கள் கேரளக் குடிமக்கள். வாக்கு, ரேஷன், ஊராட்சி அலுவலகம் எல்லாம் கேரளத்தில். ஆனால் பரம்பிக்குளத்திலிருந்து கேரளச் சமவெளிக்கு நேரடிச் சாலை இருந்ததில்லை. ஆனப்பாடி வழியாகத் தமிழகத்தின் டாப்ஸ்லிப்புக்கு வந்து, சேத்துமடைக்கு இறங்கி, பொள்ளாச்சி வட்டாரத்தைச் சுற்றி, மறுபடி எல்லை தாண்டித் தங்கள் ஊராட்சிக்கே போகவேண்டும். இரவில் வனச் சோதனைச்சாவடிகள் மூடியிருக்கும். பிரசவ வலி வந்த பெண்ணுக்கு அந்த வழியின் நீளம் என்ன பொருள் தரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

2020இல் கொரோனா காலத்தில் எல்லைப் போக்குவரத்து முடங்கியபோது இந்தச் சிக்கல் முற்றியது. அந்த அக்டோபரில், காந்தி ஜெயந்தியை ஒட்டி, ஊர் மக்களே மண்வெட்டி எடுத்துக்கொண்டு கேரளச் சமவெளியிலுள்ள செம்மணாம்பதியை நோக்கிக் காட்டுப் பாதை வெட்டத் தொடங்கினார்கள். அவர்களின் குடியிருப்பின் பெயரும் தேக்கடிதான். இடுக்கித் தேக்கடியிலிருந்து வெகுதூரத்தில் உள்ள இன்னொரு தேக்கடி. அதன் பிறகே அந்தப் பாதைக்கு அரசு வழி திறந்தது.

இதே கதை உலகின் மறுமூலையில் நடந்திருக்கிறது. கனடாவின் ஒண்டாரியோ, மானிட்டோபா மாகாணங்களின் எல்லையில் ஷோல் ஏரி இருக்கிறது. மானிட்டோபாவின் தலைநகரான வின்னிபெக் தன் குடிநீருக்காக 1919இல் அந்த ஏரியிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நீர்க்குழாயை முடித்தது. நீரைத் தெளிவாக வைக்க வெட்டிய கால்வாய், ஷோல் ஏரி 40 என்ற பழங்குடிச் சமூகத்தின் நிலத்தைப் பெருநிலத்திலிருந்து துண்டித்துத் தீவாக்கிவிட்டது. நகரத்துக்கு நூறாண்டு தூய நீர் சென்றது. ஏரிக்கரையில் இருந்தவர்கள் 1990களின் பிற்பகுதியிலிருந்து கொதிக்கவைத்த நீரையும் புட்டி நீரையும் நம்பி வாழ்ந்தார்கள். அவர்களுக்கான சாலை 2019 ஜூனில்தான் திறந்தது. ‘விடுதலைச் சாலை’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் 2021இல் வந்தது.

இரு இடங்களிலும் ஏரியின் பயன் தொலைவிலுள்ளவர்களுக்குச் சென்றது. ஏரி தந்த தடை மட்டும் கரையிலுள்ளவர்களுக்கு நின்றது. யாரும் தீய எண்ணத்தோடு இதைத் திட்டமிடவில்லை. நீர் வேண்டுபவரும் நிலம் உடையவரும் மட்டும் உட்கார்ந்து பேசினால், மூன்றாவதாக அங்கே வாழ்பவர் தாளில் இடம்பெறாமல் போவது இயல்பாகவே நடந்துவிடுகிறது.

பெரியாற்றுக் கரையிலிருந்து இதற்கு மாற்றான அனுபவமும் கிடைக்கிறது. காட்டின் உட்பகுதியிலிருந்து குமுளியின் விளிம்புக்கு இடம்பெயர்க்கப்பட்ட மன்னான், பளியர் குடும்பங்களில் பலர் ஏரி மீனை நம்பியிருந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் அவர்களும், முன்பு காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்து வந்தவர்களும் குழுக்களாகச் சேர்ந்து, மூங்கில் தெப்பப் பயணங்களுக்கும் இரவு ரோந்துக்கும் பொறுப்பேற்றார்கள். காட்டின் தடங்களை யாரைவிடவும் நன்கு அறிந்தவர்கள் அதன் காவலர்களானார்கள். கரையிலிருப்பவரைப் பங்காளியாக்கினால் ஏரி நன்றாகக் காக்கப்படும் என்பதற்கு இது கண்ணெதிரே உள்ள சான்று.

அடுத்த உடன்படிக்கைக்கு

பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்படிக்கையை முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யவேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. முதல் ஆய்வு 1988 நவம்பரில் வந்திருக்கவேண்டும். 2019 செப்டம்பர் 25 அன்று திருவனந்தபுரத்தில் இரு முதலமைச்சர்களும் சந்தித்துப் பேச்சுக் குழுக்களை அமைக்க ஒப்புக்கொண்டது இவ்வழியில் ஒரு பெரிய நகர்வு. முல்லைப் பெரியாறோ நீதிமன்றத்தின் நிழலில் நடக்கிறது. இரண்டும் மீண்டும் பேசப்படவேண்டிய நாள் வரும். அப்போது மூன்று செய்திகள் பத்திரத்தில் ஏறவேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, பொதுவான அளவு. ஒவ்வொரு ஏரியின் மட்டம், வரத்து, வெளியேற்றம், வண்டல் அளவு ஆகியவற்றை இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்து எடுத்து, ஒரே அடிமட்டத்திலிருந்து எண்ணி, தமிழிலும் மலையாளத்திலும் அன்றன்றே வெளியிடவேண்டும். ஒரு பக்கத்தின் எண்ணை மறுபக்கம் நம்பாத நிலைதான் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அச்சத்தை வளர்க்கிறது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் இரவு தூங்காத தாய்க்கும், கம்பத்தில் நாற்று வாடுவதைப் பார்க்கும் உழவருக்கும் ஒரே எண் ஒரே நேரத்தில் தெரியவேண்டும்.

இரண்டாவது, நீர்ப்பிடிப்புக்கு உரிய பங்கு. ஏக்கருக்கு இத்தனை என்று நீருக்கடியிலுள்ள நிலத்துக்கு வாடகை பேசினார்கள். நீரைத் தருவது அந்த 8,000 ஏக்கர் அல்ல. அதற்கு மேலே நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டரில் நிற்கும் காடு. நீர் பெறும் பாசனப் பரப்பின் பயனில் ஒரு பகுதி அந்தக் காட்டின் காவலுக்கும் மேலோடைகளின் நலனுக்கும் போகவேண்டும். அது கேரளத்துக்குக் கொடுக்கும் சலுகை ஆகாது. வைகைக்கும் திருமூர்த்திக்கும் நாளைய நீரை உறுதிசெய்யும் செலவு.

மூன்றாவது, கரையோர மக்களின் இடம். காடரும் மலசரும் மன்னானும் பளியரும் பேச்சு மேசையில் உட்காரவேண்டும். சாலை, மருத்துவ வண்டி, மீன்பிடி உரிமை, வன உரிமை ஆகியவை இரு அரசுகளின் கூட்டுப் பொறுப்பாக எழுதப்படவேண்டும். எல்லையின் இருபுறமும் ஒரே அவசர ஊர்தி தடையின்றிப் போகலாம் என்ற ஒரு வரி, சில டி.எம்.சி. பற்றிய வாதத்தைவிட அவர்களுக்குப் பெரிது.

இவை நடைமுறைக்கு ஒவ்வாத ஆசைகள் அல்ல. 1970இல் ஒரே நாளில் பல உடன்படிக்கைகளைக் கையெழுத்திட முடிந்த இரு மாநிலங்கள் இவை. எந்த மலை நீரைப் பிரித்ததோ, அதே மலையைத் துளைத்து நீரை இணைத்த பொறியியல் நம்மிடம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. இன்னும் வராதது, ஏரியை அடிக்கணக்காக மட்டும் பார்க்காமல் ஓர் இடமாகப் பார்க்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தை நீர் பெறும் பக்கத்தில் இருக்கும் நாம் முதலில் தொடங்கவேண்டும்; ஏனென்றால் கடன்பட்டிருப்பது நாம்தான்.